பதினேழாம் எண்

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை
ஜெனீவா சுங்கக் கிடங்கின் மூன்றாம் தளத்தில்
நாற்பத்திரண்டு கைக்கடிகாரங்களுக்குச் சாவி கொடுப்பது
என் வேலை.
எண்ணெய் உறைந்துவிடக் கூடாதாம்.
ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு சுற்று,
மிஞ்சினால் சுருள் முறியும்.
பருத்திக் கையுறை. பேனா கூடாது, பென்சில் மட்டும்.
மணியைத் திருத்த வேண்டாம் என்று
முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.
இங்கே யாரும் மணி கேட்பதில்லை.

பெரும்பாலும் வட்டம். கொஞ்சம் சதுரம்.
நான்காம் அடுக்கு, இடது ஓரம்,
சாம்பல் பெட்டிக்குள் இருப்பது மட்டும்
எதிலும் சேராது.
சீட்டுக்கட்டை யாரோ விரலால் தட்டிவிட
மேல் சீட்டு பாதி நழுவி நின்றதுபோல்
பதினெட்டு காரட்.
பன்னிரண்டு, உச்சியில் இல்லை;
வலத்தோள் மேல் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறது.
ஆறு, வழுக்கிய படியில்
கைப்பிடியை எட்டிப் பிடித்தவன்.
முட்கள் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல்
நேராகச் சுற்றுகின்றன.

கூட வந்த சிற்றேடு சொல்கிறது:
லெ லோக்லுக்குப் போகும் ரயிலில்
நூமா வுய்ல்மியே என்பவர்
ஒழுங்கான செவ்வகம் ஒன்றைத்தான் வரைந்துகொண்டிருந்தார்.
ஷாம்ப்ரெலியனில் ரயில் திசை மாறி இழுத்தது,
கோடு சாய்ந்தது.
முதல் கோணல் முற்றும் கோணல்.
முப்பத்தோரு கோணல் செய்து
அச்சை உடைத்துவிட்டார்கள்.
என் வீட்டுக்காரர் ஒலிவியே
அந்தப் பட்டறைக்கு உறை மெருகேற்றியவர்.
ரயிலாவது ஒன்றாவது, என்கிறார்,
மத்தியானமே குடித்திருந்தான்.
இரண்டும் விலையேற்றும் கதைகள்தான்.

இது பதினேழாம் எண்.
உரிமையாளர் ஒரு நிறுவனம்,
நிறுவனம் என்பது ஜெர்சித் தீவில் ஒரு தபால் பெட்டி.
தபால் பெட்டிக்கு மணிக்கட்டு கிடையாது.

காலம் பொன் போன்றது என்கிறார்கள்.
இங்கே பொன் தனியாக இருக்கிறது.
காலத்தை மாதம் ஒருமுறை
கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக
நான் உள்ளே அனுப்புகிறேன்.
ஒன்றரை நாள் ஓடி
இருட்டில் எங்கோ நிற்கும்.

நவம்பரில் ஒரு செவ்வாய்.
கையுறையில் கட்டைவிரல் பக்கம் தையல் விட்டிருந்தது.
அது சாக்கு. எனக்கும் தெரியும்.
எனக்கு இடதுகைப் பழக்கம்;
கடிகாரம் கட்டினால் வலக்கையில்தான்.
அந்தச் சாய்வு
வலக்கையில் வந்ததும் சாய்வாக இல்லை.
எலும்பு மேடேறும் இடத்தில் மேடேறி
நரம்பு இறங்கும் பக்கம் இறங்கி
அமர்ந்துகொண்டது.
வுய்ல்மியே குடித்திருக்கவில்லை, ஒலிவியே.
அவரும் என்னைப் போல் ஒருவர்,
அவ்வளவுதான்.

பூனைக்கு இல்லை,
எனக்கே மணி கட்டிக்கொண்டு நின்றேன்.
முதலில் குளிர்ந்தது.
பிறகு எது பொன் எது நான் என்று
தோல் கேட்பதை நிறுத்திவிட்டது.
எத்தனை நேரம் என்று தெரியாது.
கையில் கடிகாரம் இருந்தும்
பார்க்கவில்லை.

கழற்றினேன். துணியால் இரண்டு முறை துடைத்தேன்.
நிலை அறிக்கை, ஏழாவது வரி:
அணிந்த தடயம் உண்டா?
பென்சிலில் எழுதினேன், இல்லை.
கீழே ஓ.பெ., ஓடில் பெரெனு.

மே மாதம் ஏலம் போயிற்று.
என் தெருவில் இரண்டு அடுக்குமாடி வீடுகளின் விலை.
ஏலப் பட்டியலைப் பதினைந்தாம் எண் ட்ராமில் படித்தேன்.
‘மனிதத் தோல் அறியாத பொன்’ என்று
சாய்ந்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.
பக்கத்தில் நின்ற பையன் மணி கேட்டான்.
வலக்கையைத் திருப்பிவிட்டு
அசடு வழிந்தேன்.

ஆறாவது படம் வாருடையது, மிகப் பெரிதாக.
முதல் துளை ஊசிக்குத்துப்போல் வட்டம்.
இரண்டாவதும்.
மூன்றாவது கொஞ்சம்
நீண்டிருக்கிறது.